தவணைத் தேதி தாவுவது ஏன்? பிஎச்பி கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் அடகுக் கடைகளுக்குப் பிஎச்பி என்ற நிரல் மொழியில் கணக்கு மென்பொருள் எழுதும் நண்பர்கள் அனுப்பிய தேதிக் கேள்விகளும் என் பதில்களும்.

தேவகோட்டை நண்பர்: அண்ணே, 2025 ஜனவரி 31-இல் வைத்த நகைக்கு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வருகிறது. பிப்ரவரி எங்கே போச்சு?

தம்பி, பிஎச்பி முதலில் மாத எண்ணில் மட்டும் ஒன்றைக் கூட்டும். பிப்ரவரி 31 ஆகிவிடும். அப்படி ஒரு நாள் இல்லாததால் மிஞ்சிய 3 நாளை மார்ச்சுக்குத் தள்ளிவிடும். லீப் ஆண்டான 2024-இல் என்றால் மார்ச் 2. ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் இப்படித்தான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ பிப்ரவரி கடைசி நாளிலேயே நின்றுவிடும். ரசீதுக்கு ஒன்று, பாக்கிப் பட்டியலுக்கு இன்னொன்று என்று வைத்தால் ஒரே நகைக்கு இரண்டு கெடு. கணக்கை ஒரே இடத்தில் போடுங்கள்.

பள்ளத்தூர் நண்பர்: 'அடுத்த மாதக் கடைசி நாள்' என்று கேட்டால் சரியாகிவிடுமா?

31-ஆம் தேதிக்குச் சரி. ஜனவரி 15-இல் வைத்த நகைக்கும் பிப்ரவரி 28 என்று வரும். பிஎச்பிக்கான கார்பன் என்ற தேதி நூலகத்தில், அடுத்த மாதத்துக்குத் தாவாமல் மாதக் கடைசியிலேயே நிற்கும் 'நோ ஓவர்ஃப்ளோ' என்று முடியும் செயல்கூறுகள் இருக்கின்றன, அவற்றை எடுங்கள். ஆனால் போன தவணையோடு ஒரு மாதம் கூட்டாதீர்கள். பிப்ரவரி 28-க்கு அடுத்தது மார்ச் 28 ஆகி, அப்புறம் 31 திரும்பவே திரும்பாது. ஒவ்வொரு தவணையையும் ஆரம்பத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

கானாடுகாத்தான் நண்பர்: தேதி இப்படித் தாவுவது பிஎச்பியின் பிழைதானே? ஏன் திருத்தவில்லை?

கோட்டையூர் நண்பர்: கையேட்டில் எழுதியிருக்கிறதே, பிழை எப்படி ஆகும்? 30 நாள் கூட்டினால் தீர்ந்தது.

கோட்டையூர்க்காரர் பாதி சரி. மாதம் ஒரே அளவு கிடையாது. எந்த மொழியும் ஏதாவது ஒரு விதியைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் 30 நாள் யோசனையை நான் ஏற்கமாட்டேன். ஜனவரி 31-உடன் 30 நாள் மார்ச் 2. பன்னிரண்டு தவணைக்கு 360 நாள், வருடத்துக்கு 5 நாள் குறையும். மாத வட்டி பேசி நகை வைத்தவரிடம் நாள் கணக்கு காட்டுவது நியாயமில்லை. விதி எது என்று கடைக்காரரைக் கேட்டு, ரசீதில் அச்சிடுங்கள். அதை மொழியின் இயல்புக்கு விட்டதுதான் பிழை.

கானாடுகாத்தான் நண்பர்: கையேடு படிக்காதவர் பணம் போகிறதே, அண்ணே?

போகிறது. அதனால்தான் ரசீதில் அச்சிடச் சொல்கிறேன்.

புதுவயல் நண்பர்: மே 31 அன்று 'போன மாதம்' கேட்டால் மே என்றே வருகிறது.

ஏப்ரல் 31, மே 1 ஆகிறது. 'போன மாத முதல் நாள்' என்று கேளுங்கள்.

கண்டனூர் நண்பர்: மார்ச் 31-இலிருந்து ஒரு மாதம் கழித்தால் மார்ச் 3 வருகிறது.

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

குன்றக்குடி நண்பர்: தமிழ் மாதம் கூட்ட முடியுமா?

29 முதல் 32 நாள் வரை மாறும். பஞ்சாங்கம் பார்த்து அட்டவணை போடுங்கள்.

கோவிலூர் நண்பர்: எந்தத் தேதிகளை வைத்துச் சோதிப்பது?

ஜனவரி 29, 30, 31, மார்ச் 31, மே 31. கூடவே 2024 பிப்ரவரி 29-உடன் ஒரு வருடம். பிஎச்பி 2025 மார்ச் 1 தரும். எல்லாவற்றையும் ஆரம்பத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.