பையன் நர்சிங் படித்தால் பெண் கிடைக்குமா?

சோமனூர் ஐயாவுக்கு,

அன்று மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஊசி போடுகிறவனுக்கு யாருங்க பெண் கொடுப்பார்கள்?"

நம் பக்கம் முப்பத்தைந்தைத் தாண்டியும் பெண் அமையாமல் இருப்பவர்களில் எஞ்சினியர்களும் உண்டு, சொந்தத் தறி வைத்திருப்பவர்களும் உண்டு. அந்தப் பழியைக் கொண்டுபோய் நர்சிங் படிப்பின் தலையில் கட்டாதீர்கள்.

பெண்கள் வேலை என்றீர்கள். தையலையும் அப்படித்தான் சொல்வோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற மின் தையல் மெஷினில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். பக்கத்தில் கைமடிக்கு, அதாவது கை உதவிக்கு, நிற்பவர் பெண். வீட்டில் தைத்தால் பெண் வேலை, கூலிக்குத் தைத்தால் ஆண் வேலை!

என் அப்பா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, நர்ஸம்மா வந்தால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இரவுப் பணிக்கு ஓர் இளைஞன் வருவான். விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து, வலிக்காமல் அவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பான். சிறுநீர்க் குழாயை மாற்ற அவனை மட்டுமே அனுமதித்தார். காலை ஆறு மணிக்கே, "அந்தத் தம்பி இன்றைக்கு ராத்திரி வருவானா?" என்று கேட்பார்.

இனி கணக்குக்கு வருவோம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். உங்கள் மகனிடம் எல்லாம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆண் என்பதால் இடமும் சில இடங்களில் குறுகும்: எய்ம்ஸ் நர்சிங் பணியிடங்களை 2019-இல் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 விழுக்காடு என்று பிரித்தார்கள். அதனால் சேரும் கல்லூரியில் கவனம் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், கல்லூரியின் மருத்துவமனைக்குள் நடந்து படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். காலிக் கட்டில்களில் யாரும் தொழில் பழக முடியாது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், 2024-இல் கோவையில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். பஸ் செலவுக்காவது ஆகும்.

அடுத்த வாரம் மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். அவனும் உள்ளே வந்து உட்காரட்டும்.