துலிப் வயலில் இறங்கலாமா?

கேள்வி: ஏப்ரல் மூன்றாவது வாரம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஒரு சனி, ஞாயிறில் துலிப் பூக்களைப் பார்க்க ஆசை. “கியூகென்ஹாஃப் தோட்டத்துக்கு எதற்கு டிக்கெட்? வழியில் ஏதாவது வயலில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டால் போதும்” என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வயலில் இறங்க வேண்டாம். முதலில் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நம் ஊரில் மல்லிகை போட்டவருக்குப் பூதான் வருமானம். துலிப் விளையும் லிஸ்ஸே, ஹில்லெகோம் ஊர்ப் பக்கத்து விவசாயிக்கு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான் வருமானம். செடி பூத்ததும் வரிசை வரிசையாக நடந்து, நோய் கண்டவற்றைப் பிடுங்கிவிடுவார். பிறகு இயந்திரத்தை ஓட்டி, பூத்தலைகளை எல்லாம் வெட்டிவிடுவார். சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்கு இறங்க வேண்டுமே! அதற்குப் பிறகு கிழங்கை வளர்ப்பவை மிச்சமிருக்கும் இலைகள்தான். கோடையில் தோண்டி எடுப்பார்கள். ஒரு படத்துக்காக நீங்கள் மிதிக்கப்போவது அந்த இலைகளை. செருப்பில் ஒட்டிய மண்ணோடு ஒரு வயலின் நோய் அடுத்த வயலுக்கும் போகும். பயணிகள் தொல்லை தாங்காமல் வேலியும் அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். நெல் வயலில் யாராவது இப்படி இறங்கினால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொன்று, போன வாரம் சிவப்பாக இருந்த வயல், நீங்கள் போகும்போது தலை வெட்டப்பட்டு வெறும் பச்சையாக நிற்கலாம். கியூகென்ஹாஃப் தோட்டத்தில் அந்தக் கவலை இல்லை. 32 ஹெக்டேர், சுமார் 70 லட்சம் கிழங்குகள், எல்லாம் இலையுதிர் காலத்தில் கையால் நட்டவை. முன்னே பூப்பதும் பின்னே பூப்பதுமாக ஒரே குழியில் அடுக்கி நடுவதால், மார்ச் பாதியிலிருந்து மே பாதிவரை ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கும். கிழங்கு வியாபாரிகள் தங்கள் சரக்கைக் காட்டுவதற்காக 1949-இல் தொடங்கி, 1950-இல் மக்களுக்குத் திறந்த இடம் அது. இன்றைக்கும் நடுகிற கிழங்கைக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். அந்த டிக்கெட் வீண் செலவே இல்லை.

சனிக்கிழமை நடுப்பகலில் கூட்டம் நெரியும். அதனால் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. ஏப்ரல் என்று நம்பி மெல்லிய சேலையோடு போகாதீர்கள், குளிரும் மழையும் சேர்ந்தே வரும்.

ஞாயிற்றுக்கிழமை வயல்களுக்கு. சைக்கிள் ஓட்டுவீர்கள் என்றால் வாடகைக்கு எடுத்து வயல்களுக்கு நடுவே போகும் பாதையில் சுற்றலாம். முடியாவிட்டால் ஹார்லெமிலிருந்து லைடனுக்கு ரயிலில் போங்கள். ஹில்லெகோம் பக்கம் ஜன்னலை ஒட்டியே பட்டை பட்டையாக நிறங்கள் ஓடும். வழியோரக் கடைகளில் பூத்தலைகளைக் கோத்து மாலையாக விற்பார்கள், வாங்கிக் காரின் முன்னால் கட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். நீங்களும் ஒன்று வாங்கி, மகள் வீட்டு வாசலில் தொங்கவிடுங்கள்.