தலையில் அடிபட்டு நினைவு திரும்பாதவர்கள்: நரம்புத் தூண்டல் பற்றிய கேள்வி பதில்

மறுவாழ்வு சிகிச்சையில் வேலை செய்கிற பிஸியோதெரபிஸ்ட் நான். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஹட்டன்: அண்ணே, ஆட்டோ கவிழ்ந்து என் தம்பி பத்து நாளாக நினைவில்லாமல் கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கையில் கரண்ட் கொடுத்தால் எழும்புவானாமே?

பொய்யில்லை தங்கச்சி. வலது மணிக்கட்டின் உள்பக்கத்தில் மீடியன் நரம்பு ஓடுகிறது. அதன் மேல் பட்டை ஒட்டி லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள். அது தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்குப் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பகுதியைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. சீனாவில் 329 பேரிடம் செய்த ஆய்வு 2023இல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், 2 வாரம் கொடுத்தார்கள். 6 மாதத்தில் நினைவு திரும்பியவர்கள், கரண்ட் பெற்றவர்களில் 72.5 வீதம், பெறாதவர்களில் 56.8 வீதம். அந்த இரண்டாவது எண்ணையும் மனதில் வையுங்கள், கருவி இல்லாமலே பாதிக்கு மேல் எழும்பியிருக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதால் நான் இதை உறுதியான முடிவாக எடுக்கவில்லை. ஆனாலும் வைத்தியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

பதுளை: மூட்டுவலிக்கு விற்கிற கரண்ட் மெஷினை வாங்கி நாங்களே மாட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். வலிப்பு வரக்கூடியவரா, பேஸ்மேக்கர் உள்ளவரா என்று பார்க்காமல் மாட்டக்கூடாது. தோல் வெந்தாலும் அவரால் சொல்ல முடியாது.

தலவாக்கலை: என் வீட்டுக்காரர் விழுந்து இரண்டு வருஷம். இனி வழியில்லையா?

பிரான்ஸின் லியோனில் 15 வருஷமாக உணர்வில்லாமல் இருந்த 35 வயதுக்காரருக்கு, கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்தினார்கள். ஒரு மாதத்தில் பொருளைக் கண்ணால் தொடர்ந்தார், சொன்னால் தலையைத் திருப்பினார். 2017இல் வெளிவந்த செய்தி இது. அவர் எழுந்து நடக்கவில்லை அக்கா, அதோடு அது ஒரே ஒருவரின் கதை.

பண்டாரவளை: அம்மா கண் திறக்கிறார். என்னைத் தெரிகிறதா என்று எப்படி அறிவது?

முதலில் அவர் உணர்வோடு பார்க்கிறாரா என்று அறிய வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடியை எடுங்கள். அவர் முகம் அவருக்கே தெரியும்படி பிடித்து, மெல்ல இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் நகர்த்துங்கள். கண் பின்னால் வருகிறதா? மற்றப் பொருட்களை விடத் தன் முகத்தைத்தான் பலர் தொடர்கிறார்கள். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். காலையில் முகம் துடைத்தபின், நன்றாக விழித்திருக்கும் நேரங்களில் பாருங்கள். தேதி, நேரம், என்ன செய்தார் என்று கொப்பியில் எழுதி கிளினிக்குக் கொண்டு போங்கள். அப்புறம் இன்னொன்று: சொன்னதைச் செய்யாத 241 பேரைச் சோதித்ததில் 60 பேரின் மூளை கட்டளைக்கு வேலை செய்தது 2024இல் தெரியவந்தது. ஆகவே அம்மாவுக்கும் நாம் பேசுவது விளங்கலாம், அவர் கட்டிலருகே செலவு, கடன் பேச வேண்டாம்.