சிஏ 19-9 அதிகமாக இருந்தால் புற்றுநோய் உறுதியா? சர்க்கரையை வைத்துப் புற்றுநோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உறுதி இல்லை. சிஏ 19-9 என்பது புற்றுநோய் தொடர்பாக ரத்தத்தில் அளந்து பார்க்கும் ஒரு குறியீடு. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துபோனவர்களை ஆய்வக வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இது நீரிழிவுக்குப் பார்க்கும் சர்க்கரை அல்ல. நம் செல்களின் மேற்பரப்பிலும் பல புரதங்களின் மீதும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். செல் புற்றாக மாறும்போது அவற்றைக் கட்டும் நொதிகளின் அளவும் மாறுகிறது. சில சங்கிலிகள் பாதியிலேயே நின்றுவிடும், சிலவற்றில் சியாலிக் அமிலம், ஃபியூகோஸ் போன்ற சர்க்கரை அலகுகள் கூடுதலாக ஏறும். இந்த மாற்றத்தைத்தான் தேடுகிறோம்.

சிஏ 19-9 அப்படிப்பட்ட ஒரு சர்க்கரை அமைப்பு. 1979-இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலரி கோப்ரோவ்ஸ்கியின் குழு, பெருங்குடல் புற்றுச் செல்களுக்கு எதிராக உருவாக்கிய ஆன்டிபாடிகளின் வழியாக இது தெரியவந்தது. இன்று அதிகம் பயன்படுவது கணையப் புற்றில். 37 யூனிட் வரை இயல்பு என்பது வழக்கமான கணக்கு. ஆனால் பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே இது பல மடங்கு ஏறும். கணைய அழற்சியிலும் ஏறும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: லூயிஸ் ரத்த வகை (ஏ, பி, ஓ போல இன்னொரு ரத்த வகைப் பிரிவு) எதிர்மறையாக உள்ளவர்களின் உடலால் இந்தச் சர்க்கரையை ஏறக்குறைய உருவாக்கவே முடியாது. மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் இப்படி. அவர்களுக்குப் புற்று இருந்தாலும் எண் தாழ்ந்தே இருக்கலாம்! அறிகுறி எதுவும் இல்லாதவர் சும்மா எடுத்துப் பார்க்கும் பரிசோதனையாக இதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நோய் உறுதியானவருக்கு, சிகிச்சையின்போது எண் இறங்குகிறதா, அப்புறம் மறுபடி ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்க்கத்தான் இது நன்றாக உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏஎஃப்பி-எல்3 பரிசோதனை. ஏஎஃப்பி என்ற புரதம் கல்லீரல் அழற்சியிலும் ஏறும், கல்லீரல் புற்றிலும் ஏறும், அளவை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். புற்றுச் செல்லிலிருந்து வரும் ஏஎஃப்பியின் சர்க்கரைச் சங்கிலியில் ஒரு ஃபியூகோஸ் கூடுதலாக இருப்பது வழக்கம். மைசூர்ப் பருப்பிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம் அந்த வடிவத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபடும் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த வடிவில் இருக்கிறது என்றும் பார்ப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன்.

சரி, எல்லாப் புற்றுக்கும் இப்படி ஒரு பரிசோதனை ஏன் வரவில்லை? சர்க்கரைச் சங்கிலிக்கு மரபணுவில் நேரடி வரைபடம் கிடையாது, ஒரே புரதத்தின் மீதே பல வடிவங்கள் கலந்திருக்கும். சியாலிக் அமிலம் ஒட்டும் இடம் மட்டும் மாறினால் எடை மாறாது, ஆகவே மூலக்கூறுகளை எடையை வைத்துப் பிரித்தறியும் கருவியான நிறை நிறமாலைமானி அதை எளிதில் பிரித்துக் காட்டாது. லெக்டின்களும் ஒன்றுக்கு மேற்பட்ட சர்க்கரைகளைப் பிடிக்கக்கூடியவை.

உங்கள் ரிப்போர்ட்டில் எண் கூடியிருந்தால் பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் கூடும் நிறமி) அளவையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். அடைப்பு இருந்தால் அது சரியான பிறகு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதை அதே ஆய்வகத்தில் எடுங்கள், ஏனென்றால் பரிசோதனைக் கிட் மாறினால் எண்ணும் மாறும்.