இனிஷியலும் ஒன்றாக இருந்தால் தலைப்பு என்ன?

"எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த கவிஞர் ஒருவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தேன். பெயரைத் தேடினால் அதே பெயர், அதே இனிஷியல் உள்ள அரசியல்வாதியின் கட்டுரை வந்து நிற்கிறது. என் கட்டுரைக்குக் 'கவிஞர்' என்று முன்னால் சேர்த்துத் தலைப்பு வைக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முன்னால் வேண்டாம், பின்னால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பட்டங்கள் ஆளைப் பிரித்துக் காட்டுவதில்லை. வெறும் 'நாவலர்' என்றால் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர். திராவிட இயக்கத்தாரிடம் நெடுஞ்செழியன். பழைய தமிழாசிரியர்களைக் கேட்டால் சோமசுந்தர பாரதியார்.

நமக்கு முதலில் கைகொடுப்பது இனிஷியல்தான். எஸ். பாலச்சந்தரையும் கே. பாலச்சந்தரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் 'அந்த நாள்' படத்தை இயக்கியவர் எஸ்.; வீணை வித்வானும் அவரே (1927–1990). கே. 1930-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். இருவருமே திரைப்பட இயக்குநர்கள் என்பதால் 'பாலச்சந்தர் (இயக்குநர்)' என்று வைத்தால் குழப்பம் அப்படியே இருக்கும். அந்த ஒற்றை எழுத்துதான் இருவரையும் பிரிக்கிறது.

அதுவும் ஒத்துப்போவது உண்டு. எஸ். ராமகிருஷ்ணன் என்றால் 2018-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர். 2020-இல் மறைந்த, 'க்ரியா' பதிப்பகத்தை நடத்திய பதிப்பாளரும் எஸ். ராமகிருஷ்ணன்தான். இங்கே '(எழுத்தாளர்)', '(பதிப்பாளர்)' எனப் பிரிக்கலாம். ஆனால் பின்னவரை எல்லோரும் 'க்ரியா ராமகிருஷ்ணன்' என்றே சொல்வதால் அதையே தலைப்பாக்குவது மேல் என்பது என் கட்சி. தொழிலும் ஒன்றாகிவிட்டால் பிறந்த ஆண்டைப் போடுங்கள். ஊரை நம்பாதீர்கள்; ஒருவருக்குப் பிறந்த ஊர் ஒன்று, வாழ்ந்த ஊர் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. தமிழ்ப்படுத்துகிறேன் என்று 'எஸ்.' என்பதைச் 'சு.' ஆக்கிவிடாதீர்கள். அப்பா பெயர் சண்முகமாகவும் இருக்கலாம், சங்கரனாகவும் இருக்கலாம். தெரிந்தால் மாற்றுங்கள், ஊகம் வேண்டாம். இராமகிருஷ்ணன், ராமகிருஷ்ணன் போன்ற எழுத்து வேறுபாடுகளுக்கு வழிமாற்று (ஒரு பெயரில் தேடுபவரைச் சரியான கட்டுரைக்குத் தானாகக் கொண்டுசெல்லும் பக்கம்) போட்டுவிட்டால் போதும்.

சரி, உங்கள் கவிஞருக்கு வருவோம். அரசியல்வாதி பரவலாக அறியப்பட்டவர் என்றால் அவர் தலைப்பைத் தொட வேண்டாம். உங்களுடையதற்குப் பெயரை அடுத்து '(கவிஞர்)' என்று வையுங்கள். இரண்டு கட்டுரைகளின் உச்சியிலும் 'இதே பெயருள்ள மற்றவருக்கு' என்று ஒரு வரிக் குறிப்பு இருக்கட்டும். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால் ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் ஒன்றைத் தொடங்கிக்கொள்ளலாம்.

தலைப்பைவிடப் பெரிய தலைவலி உள்ளே இருக்கிறது. நூல் பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு நூலின் பதிப்பாண்டையும் அவருடைய பிறப்பு, இறப்பு ஆண்டுகளோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு நூலகப் பட்டியலை நம்பி, ஒருவர் ஆறு வயதில் இலக்கண உரை எழுதியதாக நானே சேர்த்திருக்கிறேன்! அதே பெயருடைய இன்னொருவரின் நூல் அது. படமும் அப்படித்தான்: தேடுபொறி முதலில் காட்டும் முகம் அரசியல்வாதியுடையதாகத்தான் இருக்கும்.

அப்புறம், அரசியல்வாதியின் பக்கத்தில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்பதை ஒருமுறை சொடுக்குங்கள்; அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் கட்டுரைகளின் பட்டியல் வரும். கவிஞரைக் குறிப்பிட்ட பழைய கட்டுரைகள் சில அங்கே தவறாக இணைந்து கிடக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இணைப்பை உங்கள் கட்டுரைக்குத் திருப்பிவிடுங்கள். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவிலும் இருவருக்கும் தனித்தனி உருப்படி (எண்ணிட்ட பதிவு) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே எண்ணுக்குள் கவிஞரின் பிறந்த நாளும் அரசியல்வாதியின் கட்சியும் சேர்ந்திருந்தால், அது மற்ற மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல்பெட்டிக்கும் போய்விடலாம்.