சம்பா பணம் வருமுன் சைக்கிளை விமானம் ஏற்றலாமா?

கேள்வி: ஐயா, தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் எனக்கு 6 ஏக்கர் நஞ்சையும் ஒரு சின்ன உரக்கடையும் இருக்கின்றன. வயது 36. தென்னாப்பிரிக்காவில் மார்ச் மாதம் நடக்கும் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு நானும் என் மைத்துனரும் ஜோடியாகப் போக ஆசைப்படுகிறோம். ஆளுக்கு 2.4 லட்சம் ரூபாய் சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறது. செலவு இருவருக்கும் 14 லட்சம் வரும் போலிருக்கிறது. என் பங்கு 7 லட்சம். வங்கியில் டெபாசிட் 3 லட்சம் உண்டு. மீதிக்கு மனைவியின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைக்கலாமா? சம்பா அறுத்ததும் மீட்டுவிடுவேன்.

பதில்: ஆற்றங்கரையைத் தவிர மேடு பார்க்காத ஊரிலிருந்து எட்டு நாள் மலைப் பந்தயம்! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையாவது ஏறிப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆசையில் எனக்குக் குறை இல்லை. இடிப்பது தேதிதான்.

சம்பா பணம் கைக்கு வருவது தை, மாசியில். ஆனால் நுழைவுக் கட்டணம், டிக்கெட், விசா எல்லாம் அதற்குப் பல மாதம் முன்பே கேட்கும். அது நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் நீங்கள் பணம் இறக்கும் நேரம். கடையில் சரக்கு எடுக்க முதல் வேண்டும். கடன் சொல்லி மூட்டை தூக்குகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். அறுவடையில் மழை பெய்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், கொள்முதல் நிலையத்தில் நெல் எத்தனை நாள் காத்துக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களுக்கும் நகைக்கு வட்டி ஓடும். அதோடு, விவசாயத்துக்கு என்று எழுதிக்கொடுத்து நகைக்கடன் வாங்கி அதில் சைக்கிள் ஓட்டப் போவது முறையும் அல்ல.

வரும் மார்ச்சை விடுங்கள். இந்தச் சம்பா பணத்தில் 4 லட்சத்தை எடுத்து, ஓராண்டு டெபாசிட்டில் போட்டு, அடுத்த ஆண்டு போங்கள். பங்குச் சந்தைப் பக்கம் அந்தப் பணத்தைக் காட்டாதீர்கள்.

அப்புறம் சைக்கிள். உங்கள் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பெட்டியில் அடைத்தாலும் அது சாதாரணப் பெட்டியின் அளவுக்குள் வராது. விமான நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணமும் விதியும் மாறும். திருச்சியிலிருந்து ஒரு டிக்கெட், வளைகுடாவிலிருந்து இன்னொன்று என்று மலிவாகப் பிரித்து வாங்கினால், சைக்கிளுக்கு இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட்டாக எடுத்து, சைக்கிளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

என் அக்கா மகன் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து சைக்கிளோடு திரும்பினான். பெட்டி மேல் ஒரு கீறல் இல்லை. ஒன்பதாம் நாள் வண்டியைப் பூட்டும்போதுதான் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்ததையும், ஃபிரேமின் பின் முக்கோணத்தில் மயிரிழை போல விரிசல் ஓடியதையும் பார்த்தான். விமான நிறுவனத்திடம் புகார் எடுபடவில்லை. சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது, வெளிநாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்த விதி. அதனால் விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள், அசதியாக இருந்தாலும் சரி. அதே ஒப்பந்தப்படி, ஒரு பயணியின் மொத்தச் சாமானுக்கும் சேர்த்து இழப்பீட்டு வரம்பு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு). அது ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய்தான். உங்கள் சைக்கிள் ஒன்றே அதைத் தாண்டுகிறது. சைக்கிளுக்குத் தனிக் காப்பீடு எடுங்கள்.

உடம்புக்கும் அப்படித்தான். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் பந்தயத்தில் விழுந்தவருக்குப் பணம் தராது. பாலிசியில் போட்டி, சாகச விளையாட்டு ஆகிய சொற்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடிப் படியுங்கள். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கிளம்பும் நாளில் சுங்க அதிகாரியிடம் சைக்கிளையும் பில்லையும் காட்டி, ஃபிரேம் எண் குறித்த ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது, உங்கள் சொந்தச் சைக்கிளை வெளிநாட்டில் வாங்கியது என்று நினைத்துத் தீர்வை கேட்கலாம்.

பணம் அனுப்புவதை அவரவர் கணக்கிலிருந்தே செய்யுங்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒரே பான் எண்ணில் இதுபோன்ற செலவுக்கு வெளிநாட்டுக்குப் போகும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும் என்றாலும், அதுவரை முடங்கும்.

கடைசியாக மைத்துனர் விஷயம். இந்தப் பந்தயத்தில் ஜோடி இருவரும் ஒன்றாகவே ஓட்டி முடிக்க வேண்டும். ஒருவர் காலை உடைத்துக்கொண்டாலோ, வீட்டில் ஒரு விசேஷம் குறுக்கிட்டாலோ, மற்றவர் கட்டிய பணமும் மாட்டும். யார் விலகினால் யார் எவ்வளவு தாங்குவது என்று இப்போதே பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உறவுக்குள் எழுத்தா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.