ஜோ பர்ரோ: ஏதென்ஸ் பள்ளி மைதானத்திலிருந்து சின்சினாட்டி வரை – கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு குவார்ட்டர்பேக் பள்ளியிலிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வரை எப்படிப் போகிறார் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பொதுவாகச் சொன்னால் தண்ணீரில் எழுதிய எழுத்தாகிவிடும். அதனால் ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன்: சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. நான் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். அவர் பள்ளியில் ஆடிய காலத்திலிருந்தே கவனித்து வருகிறேன்.

இரண்டு நிபந்தனைகள். பெட்டிங், ஃபேன்டசி அணி பற்றிக் கேட்காதீர்கள். 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்காதீர்கள். சரி, ஆரம்பிக்கலாம்.

புதுசா வந்தவன்: குவார்ட்டர்பேக் என்றால் யார் சார்? கிரிக்கெட்டில் யாரைச் சொல்லலாம்?

கிரிக்கெட்டில் அப்படி ஒருவர் இல்லை. பதினொரு பேர் தாக்கும் அணியில் பந்து முதலில் இவர் கைக்கு வரும். இரண்டரை, மூன்று வினாடிக்குள் வீசுவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணி பாய்ந்து வீழ்த்திவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய வரும்.

நாகர்கோவில்காரன்: சின்ன ஊர்ப் பையனாமே. பெரிய கல்லூரி கண்ணில் எப்படிப் பட்டார்?

ஊர் சின்னதுதான். ஒஹாயோவின் தென்கிழக்கில், அப்பலாச்சிய மலையடிவாரத்தில் இருக்கும் ஏதென்ஸ் கவுண்டி. மாநிலத்திலேயே வறுமை அதிகமான பகுதிகளில் ஒன்று. ஆனால் வீடு சாதாரண வீடு இல்லை. அப்பா ஜிம்மி பர்ரோ, அப்போது அதே ஊரிலுள்ள ஒஹாயோ பல்கலைக்கழக அணியின் டிஃபென்ஸ் (தடுப்பாட்ட) பயிற்சியாளர். அவரும் நெப்ராஸ்காவில் ஆடியவர், ஜோவின் அண்ணன்கள் இருவரும் அங்கேயே ஆடியவர்கள். எதிரணி டிஃபென்ஸ் எப்படி யோசிக்கும் என்பது இந்தப் பையனுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்தது. 'ஏழைக் கிராமத்திலிருந்து தானாக முளைத்தவர்' என்று சுற்றும் காணொளிகளை நம்பாதீர்கள்.

ஏதென்ஸ் உயர்நிலைப் பள்ளிக்காக மொத்தம் 157 டச்டவுன் பாஸ்கள் (டச்டவுன் என்றால் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி எடுப்பது, பாஸ் என்றால் வீச்சு). 2014-இல் மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரருக்கான 'மிஸ்டர் ஃபுட்பால்' விருது. அந்த வருடம் இறுதி ஆட்டம் வரை ஒரு தோல்வியும் இல்லை. இறுதியில் டொலீடோ சென்ட்ரல் கத்தோலிக் பள்ளியிடம் 56-52 என்று தோற்றார்கள். பர்ரோ அன்று ஆறு டச்டவுன் வீசினார். ஐம்பத்திரண்டு புள்ளி எடுத்தும் தோல்வி! அது நடந்த இடம் கொலம்பஸின் ஒஹாயோ ஸ்டேடியம், அதாவது அவர் அடுத்து சேரப்போகும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானம்.

ஈரோடு மஞ்சள்: என் மகனுக்குப் பதினான்கு வயது, நன்றாக எறிவான். இந்தியாவிலிருந்து போய் குவார்ட்டர்பேக் ஆக முடியுமா?

ரொம்பக் கஷ்டம் அம்மா. இந்த ஒரு இடத்துக்குப் பத்து வயதிலிருந்தே அங்கேயே ஆடி, ஆயிரக்கணக்கான ஆட்ட அமைப்புகளைப் படித்துப் பழகியிருக்க வேண்டும். வேறு இடங்களுக்கு வெளிநாட்டு வீரர்களை எடுக்கும் திட்டம் என்.எஃப்.எல்லில் 2017 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலிய ரக்பி வீரர் ஜோர்டன் மைலாட்டா அந்த வழியில்தான் வந்தார், 2018-இல் பிலடெல்ஃபியா அணி அவரை எடுத்தது. ஆனால் அவர் மலை மாதிரி ஆள், முன்வரிசையில் நின்று தடுப்பவர். எறிபவர் இல்லை.

டெக்சாஸ் மாமா: ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார வைத்தார்களே, கோச் அர்பன் மேயர் கண்ணில்லாதவரா?

இந்தக் கேள்வியை என் அலுவலகத்தில் வாரம் ஒருவர் கேட்கிறார். 2017-இல் 'மூணாவது ஆளு' என்று சிரித்தவர்களே இப்போது 'நம்ம பையன்' என்கிறார்கள்.

நடந்ததைப் பாருங்கள். 2015-இல் சேர்ந்தபோது அது முந்தைய சீசனில் தேசிய சாம்பியன் ஆன அணி. முதல் வருடம் 'ரெட்ஷர்ட்': பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்தில் இறங்குவதில்லை, கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட வருடக் கணக்கில் (அதுதான் 'தகுதி') அந்த வருடம் கழியாது. அடுத்த இரண்டு வருடமும் ஜே.டி. பாரெட் என்ற குவார்ட்டர்பேக் முன்னால் இருந்தார். மொத்தமாகப் பர்ரோ அங்கே வீசியது 39 பாஸ், அதில் 29 போய்ச் சேர்ந்தன, இரண்டு டச்டவுன். அவ்வளவுதான்.

2017 ஆகஸ்டில் பயிற்சியில் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். அந்த நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராகப் பாரெட் காயப்பட, உள்ளே போய் ஆட்டத்தை வென்றுகொடுத்தவர் ஹாஸ்கின்ஸ். 2018-இல் ஐம்பது டச்டவுன் வீசினார். அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்த கோச்சை எப்படிக் குறை சொல்வது? (ஹாஸ்கின்ஸ் 2022-இல் சாலை விபத்தில் இறந்துபோனார், வயது 24. அவரை வெறுமனே 'பர்ரோவின் இடத்தைப் பிடித்தவர்' என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.)

அடையாறு ஆலமரம்: அணி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்பார்களே, லூசியானா போனதும் எப்படி உடனே ஆடினார்?

பட்டம் வாங்கிவிட்டார். மூன்றே வருடத்தில் இளங்கலை முடித்தார். அப்போதைய விதிப்படி, பட்டம் பெற்றபின் மாறினால் காத்திருக்க வேண்டாம். தகுதி இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ரெட்ஷர்ட் வருடத்தின் லாபம் அங்கேதான் தெரிந்தது. படிப்பில் கோட்டை விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. 2021-இல் விதி தளர்ந்து, பட்டமில்லாமலே ஒருமுறை மாறி உடனே ஆடலாம் என்றானது.

அவர் யோசித்த இன்னொரு கல்லூரி சின்சினாட்டி பல்கலைக்கழகம். அதை வேண்டாம் என்றுவிட்டு எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனார். இரண்டு வருடம் கழித்து அதே ஊருக்குத்தான் வேலைக்கு வந்தார்.

ராத்திரி ஷிஃப்ட்: இந்தியாவிலிருந்து போய் ஆட வாய்ப்பு உண்டா?

மேலே ஈரோடு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வரிக்குதிரை: 2019 எல்.எஸ்.யூ. சீசனை எல்லாரும் பர்ரோ கணக்கில் எழுதுகிறார்கள். 2018-இல் இதே ஆள் 16 டச்டவுன், 57.8 சதவீத பாஸ். 2019-இல் 60 டச்டவுன், 76.3 சதவீதம். நடுவில் மாறியது என்ன? ஜோ பிரேடி என்ற பயிற்சியாளர் வந்தார். அவ்வளவுதானே?

நல்ல கேள்வி. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

எல்.எஸ்.யூ. பல வருடமாக ஓட்டத்தை நம்பிய அணி. 2019-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியிலிருந்து வந்த பிரேடிக்கு அந்த சீசனில்தான் முப்பது வயது. அணியின் தாக்குதல் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரோடு சேர்ந்து, பந்தைப் பிடிக்கும் ஐந்து பேரையும் மைதானத்தின் அகலத்துக்குப் பரப்பி நிறுத்தினார். குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் பாதுகாக்க ஒருவரும் இல்லை. எதிரணி எங்கிருந்து பாயும் என்று பந்து வருவதற்கு முன்பே படித்து, சட்டென்று வீச வேண்டும். மெதுவாக யோசிப்பவனிடம் இந்த அமைப்பைக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். பயிற்சியாளர் கதவைத் திறந்தார், உள்ளே நடக்க இவருக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 46-41. அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன். இறுதியில் கிளெம்சனை 42-25. மொத்தம் 15 ஆட்டம், 15 வெற்றி. டிசம்பரில் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை.

வரிக்குதிரை: பந்தைப் பிடித்தது யார்? பிடித்து முன்னேறிய தூரம் ஜமார் சேஸ் 1,780 யார்டு, ஜஸ்டின் ஜெஃபர்சன் 1,540 யார்டு. இவர்கள் இருந்தால் நீங்களும் நானும் வீசலாம்.

நான் வீசினால் பந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். இருவரும் 2018-லும் அங்கேதான் இருந்தார்கள், அதை மறந்துவிட்டீர்கள்.

பேட்டன் ரூஜ் தோழி: நான் எல்.எஸ்.யூ. ஊர்க்காரி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2020-இல் பர்ரோவும் பிரேடியும் போனபின் அணி 5-5. இது எந்தப் பக்கச் சாட்சி?

இரண்டு பக்கமும் சேராது. அந்த வருட டிராஃப்டில் (என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எல்.எஸ்.யூ.விலிருந்து 14 பேர் போனார்கள், முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர். சேஸும் அந்த சீசன் ஆடவில்லை. வீட்டையே காலி செய்தபின் அடுப்பு எரியவில்லை என்று சொல்லி என்ன பயன்?

பிரேடியைப் பற்றிக் கேட்டால் இது பொருத்தம்: அடுத்து என்.எஃப்.எல்லின் கரோலைனா பாந்தர்ஸ் அணிக்குப் போனார், இரண்டாவது சீசன் முடியுமுன் 2021 டிசம்பரில் வேலை போயிற்று. அதே சீசனில் பர்ரோ, பிரேடி இல்லாமல், சின்சினாட்டியை சூப்பர் பௌலுக்கு, அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டத்துக்கு, கொண்டுபோனார். பாஸ் வெற்றி 70.4 சதவீதம், லீகிலேயே முதலிடம். அதுவும் ஓட்டை முன்வரிசைக்குப் பின்னால் நின்று: சீசனில் 51 சாக், அதன்பின் வரும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றில் 19. டென்னஸியில் ஒன்பது தடவை விழுந்தும் 19-16 ஜெயித்தார்.

வரிக்குதிரை: அதே 2021-இல்தான் சேஸையும் சின்சினாட்டி எடுத்தது. மறுபடியும் அதே சேஸ்!

சரி, இந்தச் சுற்று உங்களுக்கு. சேஸ் முதல் வருடமே 1,455 யார்டு எடுத்தார். முன்வரிசைக்குப் பெனே சூவெல் என்ற பிரமாதமான ஆள் இருந்தபோதும் அணி சேஸைத்தான் எடுத்தது, அதற்கு அப்போது பெரிய சண்டை. சேஸ் இல்லாத 2020-இல் பர்ரோ பத்து ஆட்டத்தில் 13 டச்டவுன், 65.3 சதவீதம். மோசமில்லை, அபாரமும் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: பள்ளியில் அப்பா, கல்லூரியில் பிரேடி, அப்புறம் சேஸ் என்று ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். இரண்டு படிகளுக்கு நடுவில் மூன்று வருடம் யாரும் இல்லாமலும் இருந்தார்.

திண்டுக்கல் பூட்டு: சம்பளம் எவ்வளவு?

கல்லூரியில் உதவித்தொகை மட்டும். மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற விதி 2021 ஜூலையில்தான் வந்தது, இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருக்கலாம் மனுஷன். 2020 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டபோது நான்கு வருடத்துக்குச் சுமார் 3.6 கோடி டாலர். 2023 செப்டம்பரில் ஐந்து வருட நீட்டிப்பு, 27.5 கோடி டாலர்.

புதுசா வந்தவன்: முதல் ஆளாக எடுத்தது பெரிய கௌரவம்தானே சார்?

கௌரவமும் தண்டனையும். முந்தைய வருடம் கடைசியில் நின்ற அணிக்கே முதல் தேர்வு. சின்சினாட்டி அப்போது 2-14. அப்படிப்பட்ட அணியில் முன்வரிசை எப்படி இருக்கும்? நவம்பர் 2020-இல் வாஷிங்டனில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடிக்கு முதல் வருடம் உட்கார்ந்து கற்கும் வசதி கிடைத்தது. இவருக்கு அது இல்லை. (டாம் பிரேடி வேறு, மேலே சொன்ன ஜோ பிரேடி வேறு. உறவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள்.)

மதுரை மல்லி: சூப்பர் பௌல் ஜெயித்திருக்கிறாரா?

இல்லை. 2022 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 23-20. அன்றும் ஏழு சாக்.

ராத்திரி ஷிஃப்ட்: சின்னக் கை என்று கிண்டல் செய்தார்களே?

ஒன்பது அங்குலம் என்று அளந்தார்கள். அவரே ஓய்வுபெற யோசிப்பதாகக் கிண்டலாக எழுதினார். டிராஃப்டுக்கு முந்தைய மாதங்களில் எழுத ஒன்றும் இல்லாதபோது வரும் செய்தி இது.

குமரி முனை: சூப்பர் பௌல் மோதிரம் உண்டா?

மதுரை மல்லிக்கு என்ன சொன்னேன்?

சேலம் ஸ்டீல்: ஐயா, வறுமையிலிருந்து வந்து கோப்பை மேடையில் அழுதாரே, இளைஞர்களுக்கு உங்கள் செய்தி?

நிபந்தனை இரண்டு, சேலம். ஆனால் அந்த மேடைப் பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். 2019 ஹைஸ்மன் விழாவில், தன் ஊரில் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனால் மேசையில் சாப்பாடு இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். தன் வறுமையை அல்ல, பக்கத்து வீட்டு வறுமையை. அதைக் கேட்டவர்கள் ஏதென்ஸ் கவுண்டி உணவு வங்கிக்குச் சில நாட்களில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

பனங்காடு: இந்த வாரம் ஃபேன்டசியில் பர்ரோவைப் போடலாமா?

நிபந்தனை ஒன்று.

வரிக்குதிரை: கடைசியாக ஒன்று. 2024-இல் 4,918 யார்டு, 43 டச்டவுன், இரண்டிலும் லீகிலேயே முதல். இருந்தும் பிளேஆஃபுக்கே போகவில்லை. பெரிய குவார்ட்டர்பேக் என்றால் அணியை இழுத்துப் போக வேண்டாமா?

அந்த சீசனில் 33 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தும் நான்கு ஆட்டம் தோற்றார்கள். வாஷிங்டனிடம் 38-33, பால்டிமோரிடம் 41-38, அப்புறம் அதே பால்டிமோரிடம் 35-34, பிட்ஸ்பர்க்கிடம் 44-38. பந்து எதிரணி கையில் இருக்கும்போது குவார்ட்டர்பேக் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர்தான் குடிக்க முடியும். அந்தப் பெஞ்ச் அவருக்குப் புதிதில்லை. டொலீடோ பையன்கள் 56 எடுத்த அன்றும் அங்கேதான் இருந்தார்.